பாத்டப்பில் பாம்பு விட்ட பையன், தீவுப் பாம்புகளைக் காத்த கதை! - ஜெரால்ட் டரல்

இன்ஸ்டாவில் ஸ்க்ரோல் செய்யும்போது நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கழுத்தில் பால் பைத்தானை மாலை மாதிரி போட்டுக்கொண்டு, அதற்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருப்பார். லட்சக்கணக்கில் லைக்ஸ். நாமும் ஒண்ணு வளர்த்தா என்ன என்று ஒரு செகண்ட் உங்களுக்கும் தோன்றியிருக்கலாம். தப்பே இல்லை. கிட்டத்தட்ட 90 வருஷத்துக்கு முன்னாடி, கிரேக்க நாட்டுத் தீவு ஒன்றில் இருந்த ஒரு சின்னப் பையனுக்கும் இதே ஆசைதான்.

அவன் ஆசையோடு நிற்கவில்லை. நிஜமாகவே தண்ணீர்ப் பாம்புகளைப் பிடித்து வந்து வளர்த்தான். ஒருநாள் அவை வெயில் தாங்காமல் சோர்ந்துபோக, வீட்டுக் குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி அதில் விட்டுவிட்டான். விஷயம் தெரியாமல் அண்ணன் குளிக்கப் போனார். அப்புறம் வீடு என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தப் பையன்தான் ஜெரால்ட் டரல். உலகத்தின் மிக அரிய பாம்புகளில் ஒன்று இன்றைக்கு உயிரோடு இருப்பதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. பாம்பைப் பிடித்து வளர்க்கிற ஆசையில் ஆரம்பித்தவர், வளர்க்கவே தேவையில்லாத நிலைக்கு அதைக் கொண்டுபோக எப்படி உழைத்தார் என்பதுதான் இந்தக் கதை.

ஜாம்ஷெட்பூரில் பிறந்தவர்

டரல் பிறந்தது நம்ம நாட்டில்தான். 1925 ஜனவரி 7, ஜாம்ஷெட்பூர். அப்பா இன்ஜினீயர். அம்மா லூயிசாவும் இந்தியாவில் பிறந்து வளர்ந்தவர். நான்கு பிள்ளைகளில் ஜெரால்ட் கடைக்குட்டி. அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே 'ஜூ' என்று குடும்பத்தில் சொல்வார்களாம். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

1928-ல் அப்பா திடீரென இறந்துவிட, குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. அந்த ஊர்க் குளிரும் மழையும் யாருக்கும் ஒத்துவரவில்லை. மூத்த அண்ணன் லாரன்ஸ், பின்னாளில் பெரிய நாவலாசிரியர் ஆனவர், கிரேக்கத் தீவான கோர்ஃபுவுக்குப் போய்விடலாம் என்று யோசனை சொன்னார். 1935-ல் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டார்கள். ஜெரால்டுக்கு அப்போது 10 வயசு.

ஸ்கூல் என்று ஒழுங்காக எதுவும் கிடையாது. காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பினால், ஆலிவ் தோப்பு, கடற்கரை, குட்டை என்று சுற்றிவிட்டு சாயங்காலம்தான் வீடு. கையில் எப்போதும் ஏதாவது ஒரு ஜீவன் இருக்கும். ஆமை, ஆந்தை, பல்லி, மாக்பை பறவை. ஒருமுறை தேள் ஒன்றைக் குட்டிகளோடு தீப்பெட்டிக்குள் போட்டு வைக்க, சாப்பாட்டு மேஜையில் அதைத் திறந்தது லாரன்ஸ். இதையெல்லாம் பின்னாளில் அவரே புத்தகமாக எழுதினார். 'தி டரல்ஸ்' சீரிஸ் பார்த்தவர்களுக்கு இந்த வீடு நன்றாகவே தெரியும்.

அந்தத் தீவில் அவருக்கு ஒரு குரு கிடைத்தார். தியோடர் ஸ்டெஃபானிடிஸ் என்ற டாக்டர். பூச்சியை எப்படிப் பார்க்க வேண்டும், பார்த்ததை எப்படிக் குறித்து வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். டிகிரி வாங்காத டரலுக்கு அதுதான் யுனிவர்சிட்டி.

மான்குட்டிக்குப் பால் புகட்டிய நாட்கள்

1939-ல் போர் மேகம் சூழ, குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பியது. லண்டனில் மீனும் செல்லப் பிராணிகளும் விற்கிற ஒரு கடையில் வேலை பார்த்தார். 1945-ல் விப்ஸ்னேட் உயிரியல் பூங்காவில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தார். சாணி அள்ளுவது, தீனி போடுவது, கூண்டு கழுவுவது எல்லாமே வேலைதான்.

அங்கேதான் ஒரு விஷயம் அவர் மனசில் விழுந்தது. பெயர் டேவிட் மான் என்று சீனாவைச் சேர்ந்த ஒரு மான் இனம். சொந்த நாட்டில் முழுக்க அழிந்துபோய்விட்டது. இங்கிலாந்துப் பிரபு ஒருவர் தன் எஸ்டேட்டில் கொஞ்சம் வளர்த்துவந்ததால் மட்டுமே அந்த இனம் மிச்சம் இருந்தது. அந்தக் குட்டிகள் சில விப்ஸ்னேடுக்கு வந்தபோது, பாட்டிலில் பால் புகட்டும் வேலை டரலுக்கு வந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒரு இனமே உங்கள் மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கிறது என்றால் எப்படி இருக்கும்? மிருகங்களைக் கூண்டில் வைத்து வேடிக்கை காட்டுவதைவிட ஜூ-வுக்குப் பெரிய வேலை இருக்கிறது என்ற எண்ணம் அங்கே துளிர்விட்டது. அழியப்போகும் உயிரினங்களின் பட்டியலை அப்போதே எழுத ஆரம்பித்துவிட்டார்.

புத்தகம் எழுதி ஜூ கட்டியவர்

21 வயசில் அப்பாவின் சொத்தில் 3,000 பவுண்டு கைக்கு வந்தது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? டரல் அதைக் கொண்டு ஆப்பிரிக்காவின் கேமரூனுக்குக் கிளம்பினார். காட்டிலிருந்து மிருகங்களைப் பிடித்து வந்து ஜூ-க்களுக்குக் கொடுப்பது அன்றைக்கு ஒரு தொழில். 1947-ல் ஆரம்பித்து கேமரூன், கயானா என்று போய்வந்தார். நன்றாகத் தீனி போட்டு வளர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததில் கைக்காசு மொத்தமும் கரைந்தது.

இதில் ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். இன்றைய கண்ணோட்டத்தில் பார்த்தால், காட்டிலிருந்து உயிர்களைப் பிடித்து வந்தவர்களில் அவரும் ஒருவர். வழியில் இறந்துபோனவையும் உண்டு. அவர் பின்னால் செய்ததையெல்லாம் புரிந்துகொள்ள இதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

1951-ல் ஜாக்கியைக் கல்யாணம் செய்துகொண்டபோது கையில் சல்லிக்காசு இல்லை. எழுது என்று வீட்டில் எல்லோரும் நெருக்கினார்கள். எழுதுவது அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது. ஆனாலும் எழுதினார். 1953-ல் வந்த முதல் புத்தகமே ஹிட். 1956-ல் வந்த கோர்ஃபு நினைவுகள் அவரை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அந்தக் காசெல்லாம் மிருகங்களுக்குத்தான் போனது.

1957-ல் கேமரூனிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த மிருகங்களை வைக்க இடம் இல்லை. அக்கா மார்கோ வீட்டுப் பின்கட்டில் கூண்டுகளை அடுக்கினார். அக்கம்பக்கத்தினரை நினைத்துப் பாருங்கள்! இங்கிலாந்தில் சரியான இடம் அமையாமல் போக, பிரான்ஸ் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெர்ஸி என்ற குட்டித் தீவில் ஒரு பழைய பங்களா கிடைத்தது. 1959-ல் அங்கே ஜூ திறந்தார். கடன் கழுத்தை நெரித்தது. 1963-ல் அதை ஒரு அறக்கட்டளையாக மாற்றினார். சின்னமாக எதை வைத்தார் தெரியுமா? டோடோ. மனிதன் அழித்த பறவை.

டோடோவின் ஊருக்குப் பயணம்

டோடோ வாழ்ந்த ஊர் மொரீஷியஸ். ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும் அதே மொரீஷியஸ்தான். 1976-ல் டரல் அங்கே போனபோது நிலைமை மோசமாக இருந்தது. 1974-ல் கணக்கெடுத்தபோது மொரீஷியஸ் வல்லூறு காட்டில் வெறும் 4 மட்டுமே இருந்தது. இளஞ்சிவப்புப் புறாவும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான்.

அவர் வாழ்க்கையும் அப்போது அப்படித்தான் இருந்தது. ஜாக்கி அவரைவிட்டுப் பிரிந்த காலம் அது. கணவர் கல்யாணம் செய்துகொண்டது தன்னையா, ஜூ-வையா என்ற கேள்வி அவருக்கு வந்திருந்தால் ஆச்சர்யம் இல்லை. குடிப்பழக்கம் வேறு. 1979-ல் சட்டப்படி விவாகரத்து ஆனது. எல்லோரையும் சிரிக்கவைத்த புத்தகங்களுக்குப் பின்னால் இப்படி ஒரு மனிதரும் இருந்தார்.

மொரீஷியஸிலிருந்து வடகிழக்கில் சுமார் 22 கிலோமீட்டர் தள்ளி ரவுண்ட் ஐலண்ட் என்று ஒரு எரிமலைத் தீவு. பரப்பளவு 2 சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். துறைமுகமோ மணல் கரையோ கிடையாது. அலை மோதும் பாறையில் படகிலிருந்து தாவித்தான் ஏற வேண்டும். அந்தக் கஷ்டம்தான் தீவுக்குக் காவல். மொரீஷியஸில் கப்பலேறி வந்த எலிகள் பாம்பையும் பல்லியையும் தின்று தீர்த்தபோது, இந்தத் தீவுக்கு மட்டும் எலி வந்து சேரவில்லை. அதனால் வேறெங்கும் அழிந்துபோன ஊர்வன இங்கே பிழைத்துக் கிடந்தன. மனுஷனைப் பார்த்தால் பயப்படவே தெரியாத பெரிய அரணைகள், மரத்தில் ஒட்டிக்கிடக்கும் பெரிய பல்லிகள், அப்புறம் இரண்டு வகைப் பாம்புகள்.

அந்தப் பாம்பில் அப்படி என்ன இருக்கு?

ரவுண்ட் ஐலண்ட் போவா என்று பெயர். ஆனால், நிஜமான போவா கிடையாது. நம்ம ஊர் மண்ணுளிப் பாம்பு போவா குடும்பம், குட்டி போடும். இது முட்டையிடும். இதற்கென்றே ஒரு தனிக் குடும்பம். விஷம் இல்லை. மெலிசான உடம்பு. இரவில்தான் நடமாட்டம். பகலில் அடர்த்தியாக இருக்கும் நிறம் இரவில் வெளிறிப்போகும்.

உண்மையான அதிசயம் வாய்க்குள் இருக்கிறது. அதன் மேல்தாடை எலும்பு ஒவ்வொரு பக்கமும் முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நடுவில் மடங்கும். முதுகெலும்புள்ள வேறு எந்த உயிரினக் குடும்பத்திலும் இப்படிக் கிடையாது. அரணையின் உடம்பு வழவழப்பாக, உருளையாக இருக்கும், பிடித்தால் நழுவும். அதைச் சுற்றி வளைத்துக் கவ்வத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

ஆனால் ரீல்ஸ் போட்டால் ஓடுமா? ஓடாது. பழுப்பு நிறம், பகல் முழுக்கத் தூக்கம், படம் எடுக்காது. டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் புலியைத்தான் கேட்பார்கள். டரலின் பிடிவாதமே அங்கேதான் இருந்தது. அழகான மிருகத்துக்குப் பணம் தர ஆள் இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்காத சின்னதும் பழுப்பானதும்தான் சத்தமில்லாமல் போய்ச் சேரும். அவற்றுக்குத்தான் தன் ஜூ-வில் இடம் என்று முடிவெடுத்திருந்தார்.

ஒரே ஒரு வருஷம்...

தீவில் இரண்டு வகைப் பாம்புகள் என்று சொன்னேன் இல்லையா? இரண்டாவது, மண்ணுக்குள் புதைந்து வாழும் வகை. அதைக் கடைசியாக மனிதர்கள் பார்த்தது 1975-ல். டரல் போனது 1976-ல். அதன்பின் அந்தத் தீவில் எத்தனையோ பேர் தேடிவிட்டார்கள். ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. இன்று அது அழிந்த இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

அவர் ஒரு வருஷம் முன்னால் போயிருந்தால் காப்பாற்றியிருப்பாரா? தெரியாது. கடைசியாகப் பார்த்த அந்தப் பாம்புக்கு ஜோடி இருந்ததோ என்னவோ. ஆனால், ஒரே தீவில், ஒரே பாறையில் வாழ்ந்த இரண்டு சொந்தங்களில் ஒன்றுக்குக் கை எட்டியது, இன்னொன்றுக்கு எட்டவில்லை. டரல் ஏன் எப்போதும் பதற்றமாகவே இருந்தார், ஏன் ஓய்வே எடுக்கவில்லை என்று கேட்டால் இதைவிடப் பொருத்தமான பதில் இல்லை.

எட்டியதை விடவில்லை. 1970-களின் பிற்பகுதியில் சில போவாக்கள் மொரீஷியஸ் அரசின் சம்மதத்தோடு ஜெர்ஸிக்கு வந்தன. வளர்ப்பது லேசான வேலை இல்லை. இந்தியப் பெருங்கடல் தீவின் சூட்டையும் ஈரப்பதத்தையும் ஐரோப்பாவின் குளிரில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உருவாக்க வேண்டும். இந்தப் பாம்பு எப்போது கூடும், எங்கே முட்டையிடும், முட்டைக்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று சொல்லித்தர ஒரு புத்தகம் கிடையாது. ஒவ்வொன்றையும் குறித்துவைத்துக் குறித்துவைத்துத்தான் கற்றார்கள்.

1982-ல் முதல்முறையாகக் குட்டிகள் பொரிந்தன. கொண்டாட்டத்துக்கு நேரம் இல்லை. குட்டிகள் சாப்பிட மறுத்தன! வளர்ந்த பாம்பு எலியைத் தின்னப் பழகிவிடும். குட்டிக்கோ பல்லி, அரணைதான் வேண்டும். எலிக்குஞ்சை வைத்தால் மோந்துகூடப் பார்க்காது. நம்ம வீட்டுக் குழந்தை அடம்பிடித்தால் யூடியூப் காட்டிச் சாப்பாடு ஊட்டலாம். பாம்புக்குட்டிக்கு என்ன காட்டுவது? ஒவ்வொரு குட்டியையும் தனித்தனியாகப் பார்த்து, பொறுமையாகத் தேற்ற வேண்டியிருந்தது. ரீல்ஸில் பாம்பைத் தோளில் போட்டுக்கொள்ள 30 செகண்ட் போதும். இந்த வேலைக்கு வருஷங்கள் தேவைப்பட்டன.

வில்லன் யார் தெரியுமா? முயல்!

பாம்பை மட்டும் காப்பாற்றினால் போதாது என்று டரலுக்குத் தெரியும். திரும்பிப் போக வீடு வேண்டுமே. 19-ம் நூற்றாண்டில் யாரோ ரவுண்ட் ஐலண்டில் ஆடுகளையும் முயல்களையும் விட்டுவிட்டுப் போனார்கள். அவை முளைக்கிற ஒவ்வொரு செடியையும் மேய்ந்து தீர்த்தன. வேர் இல்லாத மண்ணை மழை அடித்துக்கொண்டு கடலில் கொட்டியது. நம்ம ஊர் ஹோட்டல் வாசலிலும் கல்யாண மண்டபத்திலும் அடி பெருத்த பாட்டில் பாம் மரங்களைப் பார்த்திருப்பீர்கள். அதன் சொந்த ஊர் இந்தத் தீவுதான். அங்கே அது கைவிட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்தது. மரம் போனால் பல்லி போகும். பல்லி போனால் பாம்பு போகும்.

ஆடுகள் 1970-களின் முடிவுக்குள் அகற்றப்பட்டன. முயல்களைக் கடைசி ஒன்று வரை ஒழிக்க வேண்டியிருந்தது. நியூசிலாந்திலிருந்து வந்த டான் மெர்ட்டன் குழு 1986-ல் அதை முடித்தது. மிருகங்களுக்காகவே வாழ்ந்த ஒரு மனிதரும் அவர் அமைப்பும் முயலைக் கொல்வதற்குத் துணைநின்றது உங்களுக்கு நெருடலாம். நெருடத்தான் வேண்டும். உலகம் முழுக்க இருக்கிற முயலா, இந்த ஒரு பாறையில் மட்டும் இருக்கிற பாம்பும் பனையுமா என்ற கேள்விக்கு அவர்கள் ஒரு பதிலைத் தேர்ந்தெடுத்தார்கள். முயல் போனபின் தீவில் பனங்கன்றுகள் முளைத்தன. பல்லிகள் பெருகின. பாம்பும் பெருகியது.

தான் மட்டுமே இதையெல்லாம் செய்ய முடியாது என்பதையும் அவர் புரிந்துவைத்திருந்தார். அதனால் ஜெர்ஸியில் ஒரு பயிற்சி மையம் தொடங்கினார். தங்கள் நாட்டு உயிரினங்களைத் தாங்களே காக்கும் ஆட்களை உருவாக்குவதுதான் நோக்கம். முதலில் வந்து பயின்றவரே ஒரு மொரீஷியஸ்காரர். பின்னாளில் அந்த நாட்டின் தேசியப் பூங்காத் துறைக்கே தலைமை ஏற்றார். இன்றுவரை 100-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்து படித்திருக்கிறார்கள். அஸ்ஸாமில் அழியும் நிலையில் இருந்த குள்ளப் பன்றிகளை வளர்த்து மறுபடியும் புல்வெளியில் விடும் திட்டத்துக்குப் பின்னாலும் அவர் அமைப்பு இருக்கிறது.

வீடு திரும்பிய பாம்பு

1979-ல் லீ மெக்ஜார்ஜை இரண்டாவதாக மணந்தார் டரல். மடகாஸ்கரில் ஆராய்ச்சி செய்தவர் லீ. அவருடன் கடைசிவரை மடகாஸ்கர், ரஷ்யா என்று சுற்றினார். கல்லீரல் கெட்டுப்போனது. 1994-ல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது, உடம்பு தேறவில்லை. 1995 ஜனவரி 30-ல், 70 வயசு முடிந்த நான்காவது வாரத்தில் இறந்தார். அஸ்தியை அவருடைய ஜூ வளாகத்திலேயே புதைத்தார்கள்.

கதையின் சிறந்த பகுதியை அவர் பார்க்கவில்லை. ரவுண்ட் ஐலண்டுக்கும் மொரீஷியஸுக்கும் இடையில் கன்னர்ஸ் காயின் என்று இன்னொரு குட்டித் தீவு. அங்கே எலிகளை ஒழித்து, 2007-ல் அரணைகளைக் கொண்டுவிட்டார்கள். முதலில் சாப்பாடு, அப்புறம் விருந்தாளி! 2012-ல் 60 போவாக்களை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். ஒரே ஒரு பாறையை நம்பி இருந்த பாம்புக்கு இரண்டாவது வீடு கிடைத்தது.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? அந்த 60 பாம்புகளும் ஜெர்ஸி ஜூ-வில் பிறந்தவை இல்லை. ரவுண்ட் ஐலண்டில், காட்டில், தானாகப் பெருகியவை. ஜூ-வில் வளர்த்ததெல்லாம் வீணா? இல்லை. வண்டிக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கிறோம். அதைப் பயன்படுத்த வேண்டிய நாள் வரக் கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறோம். தீவு நாசமாகிக்கொண்டிருந்தபோது ஜெர்ஸி பாம்புகள்தான் அந்த இன்ஷூரன்ஸ். தன் ஜூ தேவைப்படாமல் போய், ஒருநாள் இழுத்து மூட வேண்டும் என்பதே டரலின் கனவாக இருந்தது. அந்தக் கனவு இந்த ஒரு பாம்பின் விஷயத்தில் பெருமளவு பலித்திருக்கிறது.

அடுத்தமுறை கழுத்தில் பாம்போடு யாராவது உங்கள் ஸ்க்ரீனில் வந்தால், லைக் பட்டன் தொடும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இந்தப் பாம்புக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறதா? சென்னை ஏர்போர்ட்டில் லக்கேஜுக்குள் சுருண்டு பிடிபடுகிற குட்டிப் பாம்புகளுக்கு அப்படி ஒன்று இல்லை. வளர்க்க ஆசைப்பட்ட கோர்ஃபு பையனும் பாத்டப்பில்தான் ஆரம்பித்தான். ஆனால், வாழ்க்கை முழுக்க அவன் தேடியது, அந்தப் பாம்புகளுக்கான தீவை.